முதலில் இரவுகளைக் குறியுங்கள்

10 நாளில் 250 கிலோமீட்டர் தனியாக நடக்க வேண்டும், இடையில் வரும் 9 இரவுகளில் 7 இரவுகளை விடுதியோ முகாம் மைதானமோ இல்லாத வெட்டவெளியில் சொந்தக் கூடாரத்தில் கழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளுக்கு 25 கிலோமீட்டர் என்று பிரித்துவிட்டீர்கள். கையில் 6 மாதம் இருக்கிறது. இதுவரை ஒரே நாளில் அதிகபட்சம் 22 கிலோமீட்டர், அதுவும் சுமையில்லாமல். கேட்டிருப்பது மூன்று: என்னென்ன வாங்க வேண்டும், எப்படிப் பயிற்சி எடுக்க வேண்டும், பழைய ஷூ போதுமா. இரண்டு முறை படித்தபோது, இந்த மூன்றுக்கும் அடியில் வேறொரு சந்தேகம் இருப்பதாக எனக்குப் பட்டது: ஒரு நாள் 22 கிலோமீட்டர் நடந்தவரால் தொடர்ந்து 10 நாள் 25 கிலோமீட்டர் நடக்க முடியுமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நடக்க முடியும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் முடியாது. 18 வருடங்களாகச் சுமை தூக்கி நடக்கிறேன், அதில் பாதிக் காலம் பிறரைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். நானும் முதல் தடவை இதே கணக்கைத்தான் போட்டேன். மொத்த தூரத்தை நாட்களால் வகுத்தேன், வந்த எண்ணை நோட்டில் வரிசையாக எழுதினேன், நான்காம் நாள் காலை ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் செய்தேன். காலில் பெரிய காயம் ஒன்றும் இல்லை. மூன்று நாளும் இருட்டிய பிறகுதான் கூடாரம் போட இடம் தேடினேன். மூன்று இரவும் சரியான தூக்கமில்லை. மூன்றாம் நாள் தண்ணீரும் கிடைக்கவில்லை. தூரம் என்னைத் தோற்கடிக்கவில்லை, அந்த மூன்று இரவுகள்தான். அன்றிலிருந்து எந்தப் பயணத்துக்கும் வரைபடத்தை விரித்தவுடன் முதலில் இரவுகளைத்தான் குறிக்கிறேன். பகல்கள் அவற்றுக்கு நடுவில் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதை எப்படிச் செய்வதென்று சொல்வதற்கு முன்னால் நேரக் கணக்கு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 25 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் 1000 மீட்டர் என்றால் 5 மணி நேரமும் 1 மணி 40 நிமிடமும் சேர்ந்து 6 மணி 40 நிமிடம். இது உடல்தகுதி உள்ள ஒருவர், நல்ல பாதையில், எங்கும் நிற்காமல் நடக்கிற நேரம். முதுகில் 12 கிலோ இருக்கும். சாப்பிட, தண்ணீர் பிடிக்க, வழி பார்க்க நிற்பீர்கள். இவற்றுக்காக நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். ஆக அந்த நாள் கிட்டத்தட்ட 9 மணி நேரம். செங்குத்தான இறக்கம், சேறு, பாறைக் குவியல், இடுப்பளவு புதர் என்றால் இந்த விதி உங்களைக் கைவிட்டுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். ஆகவே நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதாமல் இத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை எண்ணினால் ஏற்றம் தெரிந்துவிடும். பாதை திட்டமிடும் செயலிகளும் கணக்கிட்டுத் தரும், ஆனால் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை ஒரு செயலி எண்ணும், இன்னொன்று விட்டுவிடும் என்பதால் இரண்டில் போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி இரவுகள். ஒவ்வொரு இரவுக்கும் வரைபடத்தில் மூன்று புள்ளிகள் வைப்பேன்: தங்க நினைக்கிற இடம், அதற்கு 4-5 கிலோமீட்டர் முன்னால் ஒன்று, அதே அளவு பின்னால் ஒன்று. கால் வலித்தால் முந்தையது, உற்சாகமாக இருந்தால் பிந்தையது. மூன்றிலும் பார்ப்பது இவைதான்: தங்க அனுமதி உண்டா, அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் உண்டா, கோடுகள் நெருங்காத சமதரையா, காற்றுக்கு மறைப்பு உண்டா, மறுநாள் காலை உடல்நிலை சரியில்லை என்றால் அங்கிருந்து சாலைக்கு இறங்க வழி உண்டா. கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுவார்கள். இப்படிக் குறித்து முடித்தால் உங்கள் நாட்கள் ஒன்று 17, ஒன்று 28, ஒன்று 21 கிலோமீட்டர் என்று கோணல்மாணலாக வரும். அப்படித்தான் வர வேண்டும்.

இந்த முறையில் உங்கள் 250-ஐ வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் 17 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். அப்போதுதான் பை கனமாக இருக்கும், உடலும் இன்னும் பழகியிருக்காது. ஒரு நாளை முழுதாக ஒதுக்கி வையுங்கள், மழைக்கோ வீங்கிய கணுக்காலுக்கோ. மிச்சம் 7 நாள், நாளுக்கு 25 என்றால் 175. எல்லாம் சேர்த்து 209. அதாவது 10 நாள் என்றால் 210 கிலோமீட்டர்தான் நியாயமான இலக்கு. 250-தான் வேண்டும் என்றால் 12 நாள் எடுங்கள்: ஒரு நாள் ஒதுக்கு, இரண்டு நாள் 17, மீதி 9 நாள் 24, சரியாக 250. நடந்து பழகியவர்கள் நாளுக்கு 30, 35 போகிறார்களே என்பீர்கள். போகிறார்கள், மறுக்கவில்லை. அவர்களின் முதல் பயணத்து நோட்டை வாங்கிப் பாருங்கள்.

விடுதியில் தங்கப்போகும் இரண்டு இரவுகளை ஆரம்பத்திலோ கடைசியிலோ வீணாக்காதீர்கள். மூன்றாம் இரவும் ஆறாம் இரவும் அதற்கு ஏற்றவை. துணி காயும், போனும் பவர் பேங்கும் சார்ஜ் ஆகும், காலைத் தூக்கி வைத்துத் தூங்கலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய லாபம், அங்கே உணவு வாங்கிக்கொள்ளலாம். உலர் உணவாக நாளுக்கு 700 கிராம் என்று வைத்தால் 10 நாளுக்கு 7 கிலோ. 3 நாள், 3 நாள், 4 நாள் என்று பிரித்தால் எந்த நேரத்திலும் முதுகில் 2.8 கிலோவுக்கு மேல் உணவு இருக்காது. டைட்டானியம் கரண்டி வாங்கி 20 கிராம் மிச்சம் பிடிக்கிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 4 கிலோவை வரைபடத்திலேயே இறக்கி வைக்க முடிகிறது.

அனுமதி விஷயத்தில் ஊகமே கூடாது, ஏனென்றால் நாட்டுக்கு நாடு சட்டம் தலைகீழாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் வெட்டவெளியில் கூடாரம் போட உரிமை தருகிறது. அங்கேயும் லோக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். பக்கத்திலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக நில உரிமையாளரின் சம்மதம் தேவை. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மட்டும் விதிவிலக்கு. அங்கே பொதுநிலத்தில் கூடாரம் போடும் உரிமையை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உறுதி செய்தது. நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாகுபடி செய்யாத நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளித் தங்கலாம். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் பொதுவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் காப்புக்காடுகளுக்குள் இரவு தங்குவதே குற்றம். உங்கள் பாதை எந்த நிலங்கள் வழியாகப் போகிறதோ அவற்றை நிர்வகிப்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். 'எல்லோரும் அங்கே தங்குகிறார்கள்' என்று இணையத்தில் யாரோ எழுதியது நள்ளிரவில் டார்ச் அடித்து எழுப்புகிறவரிடம் செல்லாது.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன பார்ப்பது? முதலில் தலைக்கு மேலே. காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியில் எவ்வளவு அழகான புல்தரை இருந்தாலும் வேண்டாம். அப்புறம் தரை: காய்ந்த ஓடைப் படுகை, மணல் திட்டு, வெள்ளம் வந்து போன தடம் இருக்கிற கரை, எல்லாம் தவிர்க்க வேண்டியவை. உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே மேலே எங்கோ பெய்த மழை ராத்திரியில் இறங்கி வரும். மலைமுகடும் தனி மரத்தடியும் இடிமின்னல் காலத்துக்கு ஆகாது. மிஞ்சியது பள்ளத்தாக்கின் அடிப்பகுதி. அது பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் வானம் தெளிவான இரவில் குளிர்ந்த காற்று கனமாகி அங்கேதான் வந்து தேங்கும். ஒருமுறை ஓடைக்கரைப் பள்ளத்தில் போட்டுவிட்டு, விடியும்போது கூடாரத்தின் உள்பக்கம் முழுக்கப் பனித்துளி, உறைந்த ஷூ லேஸ் என்று எழுந்தேன். 30 மீட்டர் மேலே சரிவில் படுத்த நண்பரின் கூடாரம் காய்ந்து கிடந்தது. அடிவாரத்துக்கும் முகட்டுக்கும் இடையில், சற்று மேடாக, தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி. நான் தேடுவது அப்படிப்பட்ட இடத்தைத்தான். தண்ணீரை ஒட்டிப் படுத்தால் ஈரம் அதிகம், கொசு அதிகம், இரவில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளின் வழியையும் மறிப்போம்.

பொழுது சாயும்போது போடுங்கள், விடிந்ததும் எடுத்துவிடுங்கள். நெருப்பு மூட்டாதீர்கள். மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி, தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி. பயன்படுத்திய காகிதத்தைப் புதைக்காமல் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் இதைச் சொல்லாமல் விடுவதால்தான் நல்ல இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். வரைபடத்தில் நீலக் கோடு இருப்பதால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எந்த மாதத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் போன் செய்த அந்த முதல் பயணத்தில் மூன்றாம் இரவு நம்பிப் போன நீலக் கோடு ஒரு வெள்ளைக் கூழாங்கல் வரிசையாக இருந்தது. அதனால் சின்ன ஓடையை ஒருபோதும் நாளின் கடைசித் தண்ணீராக நம்பாதீர்கள்; அதற்கு முந்தைய உறுதியான இடத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், இரவுக்கும் காலைக்கும் சேர்த்து 3 லிட்டராவது. கனக்கும்தான், லிட்டருக்கு ஒரு கிலோ. நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் என்பது தோராயக் கணக்கு, வெயிலில் கூடும். தாகமில்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்தாகும், ஆகவே இடையிடையே உப்புள்ள எதையாவது மெல்லுங்கள்.

சுத்திகரிப்பில் உறுதியாகத் தெரிந்தவை இவை. 0.1 மைக்ரான் குழல் வடிகட்டி பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. ஒருமுறை நனைந்த வடிகட்டி உறைந்துபோனால் உள்ளே வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. குளிர் இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைப்பது எல்லாக் கிருமிக்கும் போதும்: தளதளவென்று 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். சாதாரணக் குளோரின் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் எடுபடாது. குளோரின் டையாக்சைடு எடுபடும், ஆனால் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பூச்சிமருந்து, சுரங்கக் கழிவு இரண்டையும் வடிகட்டியும் நீக்காது, கொதிக்க வைப்பதும் நீக்காது. வயல்களுக்குக் கீழே, பழைய சுரங்கங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரைத் தொடாதீர்கள். மனிதர்களும் கால்நடைகளும் அதிகமுள்ள பகுதி என்றால் நான் வடிகட்டிவிட்டு மாத்திரையும் போடுகிறேன்.

வாங்க வேண்டியவற்றில் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், தூக்கத்தில். கூடாரத்தில் சிக்கனம் பிடிக்கலாம், பாயில் பிடிக்கக் கூடாது. குளிரில் உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். உடம்புக்குக் கீழே நசுங்கிய தூங்கும் பை அதைத் தடுக்காது, பாய்தான் தடுக்கும். பாயின் காப்புத்திறனை ஆர்-மதிப்பு என்று போட்டிருப்பார்கள். கோடை இரவுக்கு 2 போதும், வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் 3 முதல் 4, தரை உறைகிற அளவு குளிர் என்றால் அதற்கும் மேல். தூங்கும் பையில் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கலாம் என்ற எண், தூங்கலாம் என்ற எண் அல்ல. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் லிமிட்டை. அடிவாரத்து வானிலை அறிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் கழித்துக்கொள்ளுங்கள். இறகு நிரப்பிய பை எடை குறைவு, நனைந்தால் உப்பல் போய்ச் சூடும் போய்விடும். அதையும் தூங்கும் உடையையும் நீர்புகா உறைக்குள் வைத்து, அந்த உடையைப் பகலில் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். மழையில் நடந்து நனைந்து வந்தவருக்கு ஒரு காய்ந்த உடை மிச்சமிருந்தால் அந்த இரவு பிழைத்தது.

மொத்தச் சுமை உடல் எடையில் 20 சதவீதத்துக்குள் என்று ஒரு விதி சொல்வார்கள். இது அனுபவக் கணக்கு. உடல்வாகு, வயது, பயிற்சி எதையும் அது கேட்பதில்லை. ஆனால் தொடக்கத்துக்கு மோசமில்லை, 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ வருகிறது. வீட்டுத் தராசில் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு எழுதுங்கள். திரும்பி வந்ததும் ஒருமுறைகூடத் தொடாதவற்றைக் கோடிட்டு அடியுங்கள், முதலுதவிப் பெட்டியும் மழைச்சட்டையும் தவிர.

அடுப்பு பற்றி இரண்டே வார்த்தை. பியூட்டேன் மட்டுமுள்ள சிலிண்டர் உறைநிலைக்குப் பக்கத்தில் வேலை செய்யாது. ஐசோபியூட்டேனும் புரொபேனும் கலந்தது வாங்குங்கள். 230 கிராம் சிலிண்டர் ஒரு ஆளுக்கு, வெந்நீர் மட்டும் வைப்பதாக இருந்தால், எனக்கு ஒரு வாரம் வருகிறது. மூடிய கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது. தீ ஒரு பக்கம், அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமே கிடையாது. மழை அடித்தால் அன்றைக்குச் சமைக்காத உணவு. அதற்காக எப்போதும் ஒரு நாளுக்கான அடுப்பு வேண்டாத உணவு என் பையின் அடியில் கிடக்கும்.

பயிற்சிக்கு வருகிறேன். 6 மாதம் தாராளம். தசை சில வாரங்களில் பலப்படும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்காமல் நடக்க வந்துவிட்டதே என்று தூரத்தைத் திடீரென்று ஏற்றுகிறவர்களுக்குத்தான் குதிகாலும் கெண்டைக்காலும் போகின்றன. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு 4 நாள், சுமையில்லாமல், அதில் ஒரு நாள் நீளமாக. மூன்றாம் மாதத்திலிருந்து 5 கிலோ, பிறகு மெதுவாக முழுச் சுமை வரை. வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் கூட்டு என்று ஒரு விதி உலவுகிறது. அந்த எண்ணுக்கு வலுவான ஆதாரம் கிடையாது. மூன்று வாரம் கூட்டி, நான்காம் வாரம் குறைத்து என்று போவது என்னோடு வந்தவர்களுக்கு ஒத்துவந்தது. நான்காம் மாதத்திலிருந்து முக்கியமானது நீள நடை அல்ல, அடுத்தடுத்த நாள் நடை: சனி 20, ஞாயிறு 18. முதல் நாள் களைப்போடு இரண்டாம் நாள் காலை ஷூவுக்குள் காலை விடுவதுதான் நீங்கள் இதுவரை செய்யாத காரியம்.

இறக்கத்தைப் பழகுங்கள். மேலே ஏறும்போது மூச்சுதான் போகும். கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் நுண்ணிய சேதம் ஆகும். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். மூன்றாம் நாள் நரகம் என்று நடப்பவர்கள் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். நல்ல செய்தி, ஒருமுறை இறக்கத்தில் வலி கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு நோகாது. மலை இல்லை என்றால் மாடிப்படி போதும், பையோடு இறங்குங்கள். இரண்டு ஊன்றுகோல்கள் இறக்கத்தில் முழங்காலுக்கு உதவுகின்றன. எத்தனை சதவீதம் என்று போடும் எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன, அதை வைத்து வாதாடாதீர்கள். ஐந்தாம் மாதம், எல்லாப் பொருளையும் தூக்கிக்கொண்டு, இரண்டு இரவு ஒத்திகை கட்டாயம். வேண்டுமென்றே மழை அறிவிப்பு உள்ள வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் சாலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் இடத்தில். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

ஆபத்து நேரத்துக்கான ஏற்பாடு தனியாகப் போகிறவருக்கு மற்ற எதையும் விட முக்கியம். மூன்று புள்ளி வைத்த அந்த இரவுப் பட்டியலின் நகல் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அதில் கூடாரத்தின் நிறம், மேல்சட்டையின் நிறம், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்புக்குழுவை அழைக்க வேண்டும், எந்த எண்ணில், எல்லாம் எழுதியிருக்கட்டும். சிக்னல் கிடைக்காமல் போவது சகஜம் என்பதால் அந்தக் கெடுவை அன்றிரவு என்று வைக்காமல் மறுநாள் மதியம் என்று வையுங்கள், வீணாகப் பதற மாட்டார்கள். போன் இல்லாத இடத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் இருக்கிறது: ஒரே பொத்தான், காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்புச் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக மீட்பு மையத்துக்கு இடத்தைச் சொல்லும், மாதச் சந்தா கிடையாது, பேச முடியாது. இருபக்கமும் செய்தி அனுப்பும் கருவிகளுக்குச் சந்தா உண்டு. வாங்குமுன் நீங்கள் நடக்கப்போகும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள்; இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது உங்களைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் விடும். எந்தக் கருவியும் இல்லாவிட்டாலும் ஒரு விசில் இருக்கட்டும்: நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6. கேட்டவர் நிமிடத்துக்கு 3 முறை ஊதினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

உடல் வெப்பம் ஆபத்தான அளவு குறைந்துபோவதற்கு (ஹைப்போதெர்மியா) உறைபனி தேவையில்லை. 8 டிகிரியில் மழையும் காற்றும் பருத்திச் சட்டையும் சேர்ந்தாலே போதும். கை தடுமாறுவது, பேச்சு குழறுவது, 'பரவாயில்லை, போய்க்கொண்டே இருக்கலாம்' என்று எதற்கும் அக்கறையில்லாமல் தோன்றுவது, இவைதான் ஆரம்ப அடையாளங்கள். தனியாக இருக்கும்போது இவற்றை நீங்களே கவனிப்பது கடினம். அதனால் விதியாக வைத்திருக்கிறேன்: பையின் பக்கிளை ஒரே தடவையில் போட விரல்கள் ஒத்துழைக்கவில்லை என்றால் அங்கேயே கூடாரம், மணி பகல் 2 ஆனாலும் சரி. ஆற்றில் முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் கடக்காதீர்கள். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். பனி உருகி வரும் ஆறு விடியற்காலையில் தணிந்திருக்கும், மாலையில் ஏறியிருக்கும்.

நான் மருத்துவன் இல்லை. பழைய முழங்கால் காயமோ இதயம், சர்க்கரை தொடர்பான மருந்துகளோ இருந்தால், நான் மேலே சொன்ன பயிற்சி அளவுகள் உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக ஷூ. பழையது என்றால் எவ்வளவு பழையது என்று நீங்கள் சொல்லவில்லை. அடிப்பகுதியின் பள்ளங்கள் குதிகால் பக்கம் மழுங்கியிருந்தாலோ, மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ அதைப் பயிற்சியின் முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதியதை மூன்றாம் மாதம், மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடக்கப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போய் வாங்குங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். சுமையோடு நாள்கணக்கில் நடந்தால் பாதம் பரந்துவிடும், இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கும், நகம் கறுக்கும். கொப்புளம் வரப்போகிற இடம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே சுடத் தொடங்கும். சுட்டவுடன் நின்று, ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து டேப் ஒட்டுங்கள். அடுத்த மேடு ஏறியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும், அப்போதும் நில்லுங்கள். ஒத்திகை முடிந்து வந்ததும் எந்தெந்த இடத்தில் டேப் ஒட்டினீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்தால் ஷூ சரியா, லேஸ் கட்டும் விதத்தை மாற்றினால் போதுமா என்று சொல்ல முடியும்.